ஹர் கி தூன் நடைப்பயணம்: கம்பெனியோடு போவதா, உள்ளூர் ஆளோடு போவதா?

மணி_திருச்சி
வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் இரண்டு நண்பர்களுமாக உத்தராகண்டில் ஹர் கி தூன் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டென்ட் போட்டுத் தங்கி, கிராமங்கள் வழியாகவே நடக்கிற பாதை என்பதால்தான் இதைப் பிடித்தோம், வெறும் பனியும் உச்சியும் எங்களுக்கு வேண்டாம். வெள்ளியங்கிரி மூன்று தடவை ஏறியிருக்கிறேன், அதுதான் என் மொத்த மலை அனுபவம். ஹிந்தி என்றால் ‘கித்னா’, ‘பானி’, ‘நஹி மாலும்’ அளவு. ஆறேழு கம்பெனிகளின் பாக்கேஜ் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஒரே போட்டோ, ஒரே வாசகம். உள்ளூர் ஆளை வைத்துக்கொண்டு போ என்கிறார் ஒரு நண்பர், உயிரோடு திரும்ப வேண்டாமா என்கிறார் இன்னொருவர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரக்சாக்
தம்பி, நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதலில் கம்பெனியோடு, அப்புறம் சாங்க்ரியில் இறங்கி அங்கேயே ஒரு ஆளைப் பிடித்து. யாரோடு போவது என்பது இருக்கட்டும், எத்தனை நாளில் கூட்டிப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி 190, 200 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். முசூரி, நௌகாவ், புரோலா, மோரி, நைட்வார் என்று ஒரே வளைவு, வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பணம் எடுப்பதைப் புரோலாவிலேயே முடித்துவிடுங்கள். நைட்வாரில் வனத்துறைச் சாவடி இருக்கிறது, அதற்குமேல் கோவிந்த் சரணாலயம், 1955இல் அறிவித்தது. ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறும் அந்த நைட்வாரில்தான் சேர்ந்து தோன்ஸ் ஆகிறது. நீங்கள் நடக்கப்போவது முழுக்க சூபினை ஒட்டித்தான், ராத்திரி டென்டுக்குள் படுத்தால் மழை பெய்கிறதா ஆறு ஓடுகிறதா என்று முதல் நாள் புரியாது.

சாங்க்ரி ஏறக்குறைய 1,950 மீட்டர். அங்கிருந்து தாலுகா வரை ஜீப், அந்தப் பாதையில் ஓடை குறுக்கே பாயும், மழை பலமாக இருந்தால் அதையும் நடக்க வேண்டியதுதான். தாலுகாவிலிருந்து கங்காட், அப்புறம் ஓஸ்லா, அது 2,560 மீட்டர் இருக்கும். ஹர் கி தூன் 3,500க்கு மேல். இங்கேதான் விஷயம். ஓஸ்லாவில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாளே மேலே போய்ப் படுத்தால், படுக்கிற உயரம் ஒரே நாளில் 900 மீட்டர் கூடிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நல்ல திட்டம் என்றால் நடுவில் கல்கட்டியாதார் பக்கம் ஒரு கேம்ப் இருக்கும், அங்கிருந்து விடியற்காலையில் கிளம்பி ஹர் கி தூனைப் பார்த்துவிட்டு சாயங்காலம் கீழே வந்து படுப்பார்கள். பாக்கேஜில் பனீர் போடுகிறார்களா என்று பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

சும்மா_ஒருவன்
சாங்க்ரி வரைக்கும் போய்விட்டு கேதார்காந்தா ஏறாமல் வருவதா? அதுதான் 3,800 மீட்டர், உச்சியில் நின்று போட்டோ எடுக்கலாம். ஹர் கி தூன் ஒரு பள்ளத்தாக்கு, அவ்வளவுதான்.

பழைய_ரக்சாக்
அவர் உச்சி வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார். டிசம்பரில் கேதார்காந்தாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சாங்க்ரி ஒரே தெருதான் இருக்கும், ரங்கநாதன் தெரு மாதிரி ஆகிவிடுகிறது.

டெல்லி_கிச்சா
மணி சார், என் கதையைக் கேளுங்கள். இரண்டு வருஷம் முன்பு மே மாதம் ஒரு கம்பெனி மூலம் போனோம், பேர் வேண்டாம். இருபத்திரண்டு பேர். முன்னால் நடந்த வழிகாட்டி வேறு மாநிலத்துப் பையன், கெட்டவன் இல்லை, ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்கு அவனுக்கே இரண்டாவது தடவை. எங்கள் குழுவில் ஒருவருக்கு மேல் கேம்பில் சாயங்காலத்திலிருந்து தலைவலி, இரண்டு தடவை வாந்தி. பையன் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண்பத்தி எட்டு, பரவாயில்லை, கேஸ்தான், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மணி எட்டு. சாப்பாட்டு டென்டில் அந்தாக்ஷரி ஓடிக்கொண்டிருந்தது.

சமையலுக்கு உதவிக்கு வந்திருந்த ஓஸ்லாக்காரர் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், தட்டு வாங்க வந்தவர் தலைவலிக்காரர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டென்டுக்கு வெளியே கூப்பிட்டு, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கயிறு மாதிரி ஒரு கோட்டைக் கம்பால் தரையில் இழுத்து, குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் ஆள் சாய்ந்துவிட்டார். அடுத்த பதினைந்து நிமிஷத்தில் அவர் பையை இவர் தூக்கிக்கொண்டு, இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறக்கினார். காலையில் ஓஸ்லாவில் போய்ப் பார்த்தால் ஆள் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார், தலைவலி பாதி போய்விட்டது என்றார். கம்பெனிக்கு மெயில் போட்டேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அந்த ஓஸ்லாக்காரர் பேர் அவர்கள் பட்டியலிலேயே இல்லை, ‘சப்போர்ட் ஸ்டாஃப்’ என்று ஒரு வரி.

மருந்துச்சீட்டு
நான் டாக்டர், மலை ஏறுகிறவளும்கூட. அந்தப் பெரியவர் செய்தது சரியான சோதனை. கோட்டில் நடக்கத் தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இறங்குவதுதான் மருந்து, மற்றதெல்லாம் இறங்கும் வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். குளிரில் விரல் ஜில்லென்று இருந்தாலே எண் தப்பாகக் காட்டும்.

உயரத்தில் வருகிற மலைநோய்க்கு முன்கூட்டியே போடுகிற டயமாக்ஸ் மாத்திரை பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள். ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். கேம்பில் யாரோ நீட்டினார்கள் என்று வாங்கி விழுங்காதீர்கள். தூக்க மாத்திரையும் சரக்கும் மேலே வேண்டவே வேண்டாம். தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய முட்டாள்தனம், அதுவும் ஆண்கள்தான் அதிகம்.

முன்னாள்_லீடர்
இழை ஒரு பக்கமாகவே சாய்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் மூன்று சீசன் ஒரு கம்பெனியில் டிரெக் லீடராக இருந்தவன், ஹர் கி தூனும் அதில் உண்டு. நல்ல கம்பெனி என்றால் ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்டிரெச்சர், வாக்கிடாக்கி, கீழே சாங்க்ரியில் ஒரு வண்டி, இதெல்லாம் இருக்கும். தெருவில் நின்று ‘கைட் வேணுமா’ என்று கேட்கிறவரிடம் இது எதுவும் இருக்காது. உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாரும் அந்தப் பெரியவர் ஆகிவிட மாட்டார்கள். மழையில் டென்டை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் தூங்கப் போன உள்ளூர் ஆளையும் எனக்குத் தெரியும்.

2024 ஜூனில் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள். உத்தராகண்ட் மலை பிள்ளைவிளையாட்டு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், அது வேறு உயரம், வேறு பாதை, ஹர் கி தூன் அவ்வளவு கடினம் கிடையாது. ஆனால் வானிலை எங்கேயும் ஒன்றுதான்.

யாரோடு போனாலும் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்: முன்னால் நடக்கப்போகிறவர் யார், உத்தரகாசியில் இருக்கிற நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்தவரா, முதலுதவிப் பயிற்சி உண்டா, ஒரு லீடருக்கு எத்தனை பேர், யாருக்காவது முடியவில்லை என்றால் அவரோடு யார் இறங்குவார், அப்போது மிச்சம் இருக்கிறவர்களை யார் பார்ப்பார். கடைசிக் கேள்விக்குத் திணறினால் போனை வைத்துவிடலாம்.

இன்னொன்று. ஹர் கி தூன் புல்வெளியிலேயே டென்ட் போட்டு நட்சத்திரம் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தால் கொஞ்சம் யோசியுங்கள். புக்யால் என்று சொல்கிற அந்த மேல்மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்கக் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் உத்தரவு போட்டது, ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் விடக்கூடாது என்றும் சொன்னது. ரூப்குண்ட் பாதையெல்லாம் அதில்தான் முடங்கியது. கேம்ப் எங்கே போடுகிறார்கள், அனுமதி யார் பெயரில் என்று கேளுங்கள்.

டெல்லி_கிச்சா
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் லீடராக இருந்தபோது உங்கள் கூட வந்த கோவேறு கழுதைக்காரருக்கு, பையைக் கழுதைமேல் ஏற்றிவிட நாங்கள் ஒரு பைக்குக் கட்டுகிற ‘ஆஃப்லோடிங்’ பணத்தில் எவ்வளவு போகும்? அதையும் சொல்லிவிடுங்கள்.

முன்னாள்_லீடர்
முழுசாகப் போகாது. அதனால்தான் டிப்ஸை லீடரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் சமையல்காரர், பை தூக்குகிறவர், கழுதைக்காரர் கையில் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்வேன். அதற்காகவே என் மேல் கம்பெனிக்குக் கோபம்.

செங்காந்தள்
ஆண்கள் எல்லாரும் உயிர் போகிற விஷயமே பேசுகிறீர்கள், மணி கிராமம் பார்க்கத்தானே கேட்டார்.

முதலில் டாய்லெட். ஒரு சின்ன நிமிர்ந்த டென்ட், உள்ளே முழங்கால் ஆழத்துக்குக் குழி, பக்கத்தில் மண்ணும் ஒரு கரண்டியும். முதல் நாள் முகம் சுளிப்பீர்கள், மூன்றாம் நாள் அதன் ஜிப் திறந்திருக்கிறதா என்று ஓடிப் பார்ப்பீர்கள். ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் குழிக்குள் போடாதீர்கள், மக்காது, கவரில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ராத்திரி நாமே விடுகிற மூச்சு டென்டின் உள்பக்கம் நீர் கோத்துக் காலையில் முகத்தில் சொட்டும், அதற்கு டென்ட் ஒழுகுகிறது என்று சண்டை போடாதீர்கள், மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நாளைக்குப் போட வேண்டிய சாக்ஸை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் போனால் கீரை விதைக்காக வளர்க்கிற சௌலாய் வயல்கள் இருக்கும், நம் தண்டுக்கீரை இனம்தான், ஆள் உயரத்துக்குச் சிவப்பாக நிற்கும், மலைச்சரிவில் பட்டுப்புடவையைக் காயப்போட்ட மாதிரி. சீக்கிரம் அறுத்துவிட்டால் கட்டாகக் கட்டி வீட்டுக் கூரையில் போட்டிருப்பார்கள். வீடுகள் தேவதாரு மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கியவை, சிமென்ட் கிடையாது, கீழே மாடு, மேலே மனுஷர். மரச்சட்டங்கள் அசைந்து கொடுப்பதால் பூகம்பத்தில் தாக்குப்பிடிக்கும், 1803 கட்வால் பூகம்பத்தையே தாங்கிய வீடுகள் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. தாங்காதது நெருப்பு. அதே மோரி வட்டாரத்தில் சாவ்ணி என்ற ஊர் 2018 பிப்ரவரியில் எரிந்தது, மாடுகளும் போயின. அதனால் ஊருக்குள் சிகரெட் பற்றவைக்கிற நண்பர் இருந்தால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போங்கள்.

எனக்கு மறக்காதது ஒரு கராட். தண்ணீரில் ஓடுகிற மாவு மில். ஓடையிலிருந்து மரத் தொட்டி வழியாகத் தண்ணீர் வேகமாக இறங்கி, தரைக்கு அடியில் படுக்கையாக இருக்கிற மரச் சக்கரத்தில் அடிக்கும், அதோடு சேர்ந்து மேலே கல் சுற்றும். குனிந்துதான் உள்ளே போக முடியும். கல்லுக்கு மேல் தானியக் கூடை தொங்குகிறது, அதிலிருந்து ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டு சுற்றுகிற கல்லின்மேல் உரசித் துள்ளிக்கொண்டே இருக்கிறது. துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணி கேழ்வரகு குழிக்குள் விழும். கல் வேகமாகச் சுற்றினால் குச்சி வேகமாகத் துள்ளும், தானியமும் வேகமாக விழும், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அங்கே இருந்த அக்கா ஒரு பிடி மாவை என் உள்ளங்கையில் வைத்தார், சூடாக இல்லை. நம் ஊர் மில்லில் அரைத்தால் கை சுடும். எங்கள் குழு அதைத் தாண்டிப் போய்விட்டது, ‘டைம் இல்லை மேடம்’ என்றார் லீடர். கூட வந்த உள்ளூர்ப் பையன்தான் ‘தீதி, பாத்துட்டு வாங்க, நான் நிற்கிறேன்’ என்கிற மாதிரி சைகை காட்டினான். கம்பெனியா உள்ளூரா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பத்து நிமிஷம்தான்.

ஆமாம், குழந்தைகள் ‘மிட்டாய்’ என்று கை நீட்டும். கொடுக்காதீர்கள். போன வருஷம் வந்தவர்கள் பழக்கியது அது, பல்லைப் பார்த்தால் தெரியும்.

கிளைக்கதை
ஓஸ்லாவில் துரியோதனனுக்குக் கோயில் இருக்கிறதாமே? நம் ஊர்ப் படுகளத்தில் மண்ணால் பதினைந்து இருபது அடிக்குத் துரியோதனனைப் படுக்க வைத்துத் தொடையை உடைக்கிறோம், அங்கே கும்பிடுகிறார்களா!

பழைய_ரக்சாக்
இதைத்தான் டிராவல்ஸ்காரர்கள் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஊரில் கேட்டால் சோமேஷ்வர் என்பார்கள். துரியோதனன் என்று சொன்னால் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலருக்குப் பிடிக்காது. தோன்ஸ் ஆறே துரியோதனனுக்காக அழுத கண்ணீர் என்ற கதையும் கேட்டிருக்கிறேன். எதிரே தெரிகிற ஸ்வர்க்காரோகிணி 6,252 மீட்டர், பாண்டவர்கள் அதன் வழியாகச் சொர்க்கம் போனதாக இங்கே சொல்வார்கள், பத்ரிநாத்துக்கு மேலே மானா பக்கம் போனால் இல்லை, எங்கள் வழியாகத்தான் என்பார்கள். கோயில் மரவேலை அருமை. கேட்காமல் படியேறாதீர்கள், கேமராவை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கூட வருகிறவர் அந்த ஊர் ஆளாக இருந்தால் எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்று அவரே சொல்லிவிடுவார், வேறு ஊர்க்காரருக்கு உங்களைப் போலவே அதுவும் வேடிக்கைதான்.

மணி_திருச்சி
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். ‘முடியாதவரோடு யார் இறங்குவார்’ என்று கேட்டதும் ஒரு இடத்தில், உங்களுக்கு அப்படி ஒன்றும் ஆகாது சார், பாசிட்டிவாக இருங்கள் என்றார்கள். வைத்துவிட்டேன். செங்காந்தள் அக்கா, உங்கள் கூட வந்த பையன் தொடர்பு கிடைக்குமா?

செங்காந்தள்
இங்கே நம்பர் போட வேண்டாம் தம்பி, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவன் அண்ணன் பயிற்சி நிலையத்தில் படித்தவர், அவரே குழு கூட்டிப்போகிறார். தினமும் முட்டிக்கு ஒரு மணி நேரம் படியேறுங்கள், இறங்குவதையும் சேர்த்துப் பழகுங்கள். வெள்ளியங்கிரிக்காரர்கள் ஏறிவிடுவீர்கள், இங்கே ஆறு நாள் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

மணி_திருச்சி (ஏழு வாரம் கழித்து)
போய் வந்துவிட்டோம். சாங்க்ரி அண்ணன்தான் கூட்டிப்போனார், ஆக்சிஜனும் முதலுதவிப் பையும் வைத்திருந்தார், முன்னாள் லீடர் சார் சொன்ன கேள்வியெல்லாம் கேட்டதில் அவருக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவர் ‘பஸ், பாஞ்ச் மினிட்’ (அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்) என்றால் ஐம்பது நிமிஷம் என்று இரண்டாம் நாளே புரிந்தது.

கழுதை வரிசை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நிற்கக் கூடாது, மூட்டை இடித்தால் ஆள் ஆற்றில்தான். இதை யாரும் இங்கே எழுதவில்லை, என் நண்பன் தப்பான பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான், அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆட்டு மந்தைக்குக் காவலாக வருகிற நாய்கள் கழுத்தில் இரும்பு முள் பட்டை போட்டிருந்தன, சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க. தடவிக் கொடுக்கலாம் என்று போகாதீர்கள்.

கல்கட்டியாதாரில் இரண்டு ராத்திரி தூங்கினோம், மேலே போய்விட்டு அன்றைக்கே இறங்கிவிட்டோம். எனக்கு லேசாகத் தலை வலித்தது, மறைக்கவில்லை டாக்டர் அக்கா. கோட்டில் நடந்தும் காட்டினேன். சௌலாய் வயலில் பாதி அறுத்துவிட்டார்கள், மிச்சப் பாதியே போதுமானதாக இருந்தது. கராட் ஒன்று பார்த்தோம், தண்ணீர் விட்டிருக்கவில்லை, சும்மா கிடந்தது. அண்ணன் சக்கரத்தைக் கையால் திருப்பி அந்தக் குச்சி துள்ளுவதைக் காட்டினார். ஓஸ்லாவில் அவர் அத்தை வீட்டில் ராஜ்மாவும் கேழ்வரகு ரொட்டியும், மேலே நெய். நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியை அத்தைக்குக் கொடுத்தோம், ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், மொழிபெயர்க்க அண்ணன் மறுத்துவிட்டார்.

கங்காட்டில் ஒரு வீட்டில் இரண்டு கிலோ ராஜ்மா வாங்கி வந்தேன், சின்னச் சின்னதாகப் பல நிறத்தில் இருக்கிறது. நேற்று குக்கரில் ஆறு விசில் விட்டும் வேகவில்லை. அங்கே அத்தை விறகடுப்பில் வெண்ணெய் மாதிரி வேகவைத்திருந்தார். நான் என்ன தப்பு செய்கிறேன்?

செங்காந்தள்
ராத்திரியே ஊறப்போட்டாயா?

மணி_திருச்சி
இல்லை அக்கா.